ஆக்னஸ் மேடம் அளந்த கல்லூரி

“பதினேழே கால்” என்றார் ஆக்னஸ். மெட்டுகுடா முனையில் பூக்காரி நீட்டிய மல்லிகைச் சரத்தின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து, மறுநுனி வரைக்கும் எஃகு டேப்பை ஓட்டி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. “மொழம்னா பதினெட்டு இன்ச். முக்கால் இன்ச் கம்மி.” பூக்காரி தெலுங்கில், என் கை இவ்வளவுதான், அதற்கு என்னைப் பெற்றவளைப் போய்க் கேள் என்றாள். ஆக்னஸ் அந்தக் கையையும் அளந்தார். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை பதினேழே கால்தான் இருந்தது. “சரி, நீ பொய் சொல்லல. உங்கைதான் குட்டை” என்று தமிழிலேயே தீர்ப்பு வழங்கிவிட்டு, பூவைத் தலையில் செருகிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

அவருடைய கைப்பையில் சீப்பு இருக்காது. மூன்று மீட்டர் டேப் ஒன்று, பித்தளைத் தூக்குக்குண்டு ஒன்று, நூல்கண்டு, சாக்பீஸ், ஒரு ஜெபமாலை. இவற்றில் எதை எப்போது எடுப்பார் என்று சொல்ல முடியாது. ஹோட்டலில் தோசை வந்தால் குறுக்களவு பார்ப்பார். பிரசங்கம் நீளமாகப் போனால் பெஞ்சின் அகலத்தை எடுப்பார். நாற்பத்தெட்டு வயது. செகந்திராபாத்திலிருந்து முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி, எர்ரசெருவு என்ற ஊரில் இருக்கும் அரசினர் பாலிடெக்னிக்கில் சர்வே இன்ஸ்ட்ரக்டர். இருபத்தொரு வருஷ சர்வீஸ். மாணவர்கள் முன்னால் வைத்துக் கூப்பிடுவது ‘மேடம்’. பின்னால் வைத்துக் கூப்பிடுவது ‘டேப்பு மேடம்’. அவருக்கு இரண்டும் தெரியும், இரண்டாவதுதான் பிடிக்கும்.

கணவர் தேவசகாயம் லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை ஐந்தடி எட்டு அங்குலம் என்று சொல்லியிருந்தார்கள். நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் ஆக்னஸ் அவரைச் சர்ச் சுவரோரம் நிறுத்தி, தலைமேல் பாட்டுப் புத்தகத்தைத் தட்டையாக வைத்து, கோடு போட்டு அளந்து பார்த்தார். ஐந்தடி ஆறரை. “ஒன்றரை இன்ச்சு பொய்யோட ஒரு குடும்பம் ஆரம்பிக்குது” என்று சொல்லிவிட்டுத்தான் கட்டிக்கொண்டார். இருபத்துநாலு வருஷமாக எந்தச் சண்டையும் கடைசியில் அந்த ஒன்றரை இன்ச்சில் வந்துதான் நிற்கும். தேவசகாயம், ஹைதராபாத் உருதுவில் ‘ஆமாம், ஆமாம்’ என்பதாக, “ஹவ், ஹவ்” என்று சொல்லிக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

பஸ் லோத்குண்டா தாண்டும்போது ராணுவ நிலத்தின் முள்கம்பி வேலி கூடவே ஓடிவரும். அதில் ஒரு கம்பம் மட்டும் வரிசையை விட்டு அரை அடி தள்ளி நிற்கிறது. பதினாறு வருஷமாக அது ஆக்னஸின் கண்ணை உறுத்துகிறது. ஒருமுறை இறங்கிப்போய்ச் சொல்லப் பார்த்தார். துப்பாக்கியோடு நின்ற சிப்பாய் இந்தியில் என்னவோ சொன்னான். திரும்பி வந்து அடுத்த பஸ் பிடித்தார்.

பாலிடெக்னிக் என்றதும் கண்ணாடிக் கட்டடம் எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். அது 1999. ஹைதராபாத்தின் மறு கோடியில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எர்ரசெருவில் இருந்தது ஆங்கில ‘இ’ எழுத்து வடிவத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்று, அதன் முதுகில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட பட்டறை ஒன்று, நடுவில் கொடிக்கம்பம். மணி அடிப்பது ஒரு தண்டவாளத் துண்டில். அது எப்படி அங்கே வந்தது என்று யாரும் ஆக்னஸைக் கேட்டதில்லை. ஆறு கம்ப்யூட்டர்கள் இருந்தன. அவற்றுக்குச் சிவப்பு வெல்வெட் உறை, தனி அறை, கல்லூரியிலேயே ஒரே ஒரு ஏ.சி. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். மதியம் இரண்டிலிருந்து மூன்று வரைக்கும் பிரின்சிபால் பக்தவத்சலம் அந்த அறையில் கம்ப்யூட்டர்களைப் ‘பரிசோதிப்பார்’. குறட்டை வெளியே கேட்கும்.

அப்புறம் எருமைகள். தினமும் பதினொரு மணி வாக்கில் முப்பது, முப்பத்தைந்து எருமைகள் மேற்கு வாசல் வழியாக வரும். மெக்கானிக்கல் துறையின் தாழ்வாரத்தில் வரிசை குலையாமல் நடந்து, மறுபுறம் இறங்கி, வேப்பமரங்களின் கீழே உட்கார்ந்துகொள்ளும். கேட் போட்டுப் பார்த்தார்கள், கேட் விழுந்தது. பள்ளம் வெட்டிப் பார்த்தார்கள், மழையில் அது குட்டையாகி எருமைகளுக்கு இன்னும் வசதியாகப் போயிற்று. மெக்கானிக்கல் லெக்சரர் தெர்மோடைனமிக்ஸ் நடத்தும்போது தாழ்வாரத்தில் கடைசி எருமை போகும்வரை நிறுத்திவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்.

ஒவ்வொரு ஜூலையிலும் முதலாண்டு மாணவர்களை அடிக்கல்லின் முன்னால் நிறுத்தி, ஆக்னஸ் கல்லூரியின் வரலாற்றைச் சொல்வார். கையேட்டில் அச்சிட்ட வரலாறுதான். 1964-ஆம் ஆண்டு, இந்த வட்டாரத்தின் எதிர்காலத்தைத் தீர்க்கதரிசனத்தோடு கண்ட அமைச்சர் ஒருவர், ஆராய்ந்து, தேர்ந்து, இதே இடத்தில் அடிக்கல் நாட்டினார் என்று இருக்கும். “ஆராய்ந்து, தேர்ந்துன்னு போட்டிருக்கு பாருங்க. ஒரு எடத்தத் தேர்றதுன்னா சும்மா இல்ல” என்று தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். அப்படிச் சொல்லும்போது கல்லின் தூசியைக் கையால் தட்டிவிடுவார்.

அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் கோர்ஸ் பற்றிச் சுற்றறிக்கை வந்தது. விண்ணப்பிக்கும் பாலிடெக்னிக்குகளைக் கமிட்டி வந்து பார்க்கும்; தகுதி இருந்தால் அறுபது இடம். ஊரே கம்ப்யூட்டர் படிக்க அலைந்த காலம். ஆக்னஸின் மகன் ஜேம்ஸ் அமீர்பேட்டையில் ஜாவா படித்துக்கொண்டிருந்தான். அம்மா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வான். “மம்மி, ஹூ ஸ்டடீஸ் சிவில் நவ்?” என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். அந்த வருஷம் சிவிலில் சேர்ந்தது பதினொரு பேர். புது கோர்ஸ் கிடைக்காவிட்டால் கல்லூரியை மூடி, ஆட்களை வெவ்வேறு ஊர்களுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு. ஆக்னஸுக்கு ஸ்ரீகாகுளம் என்று ஆபீசில் யாரோ சொன்னார்கள். அன்றே வீட்டு மேப்பில் நூலை வைத்துப் பார்த்தார். லாலாகுடாவிலிருந்து ஸ்ரீகாகுளம் வரைக்கும் நூல் வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. நூலைச் சுற்றி வைத்துவிட்டு, சோற்றில் உப்புப் போட மறந்தார்.

விண்ணப்பத்தோடு வளாகத்தின் வரைபடம் ஒன்று வேண்டும். தகுதி பெற்ற சர்வேயர் கையெழுத்திட்டிருக்க வேண்டும். பழைய வரைபடத்தைப் பீரோவிலிருந்து எடுத்தபோது கரையான் முழுவதையும் தின்றுவிட்டு முத்திரையை மட்டும் மிச்சம் வைத்திருந்தது.

“பரவாயில்ல ஆக்னஸம்மா” என்றார் பிரின்சிபால். அவர் சித்தூர்க்காரர். சாதாரணமாகத் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. “ஒரு செவ்வகம் போடு. நடுவுல ‘இ’ போடு. நாலு மரம் போடு. ஆச்சு.”

“அளந்துட்டுப் போடறேன் சார்.”

“இருபத்தொரு வருஷமா இங்கதானே இருக்க, இன்னும் இன்னா அளக்கப்போற?”

ஆக்னஸுக்கும் அது உறைத்தது. ஊரில் தோசையைக்கூட விட்டுவைக்காத தான், சொந்தக் கல்லூரியை ஒருநாளும் எல்லைக்கு எல்லை அளந்ததில்லை. பதினொரு மாணவர்களையும், அளவுச் சங்கிலியையும், கோணம் பார்க்கும் தியோடலைட்டையும் தூக்கிக்கொண்டு மறுநாள் காலை இறங்கினார். கையில் தாசில்தார் ஆபீசிலிருந்து வாங்கிவந்த கிராம வரைபடம். அதன்படி கல்லூரி நிலம் சர்வே நம்பர் 211, நாற்பத்தோரு ஏக்கர் பதினாறு குண்டா. அதற்குள் ஒரு வட்டக் கிணறும் வடமேற்கு மூலையில் இரட்டைப் பாறையும் இருக்கவேண்டும்.

கிணறு இல்லை. பாறையும் இல்லை.

முதல் நாள் தியோடலைட்டைச் சந்தேகப்பட்டார். இரண்டாம் நாள் மாணவர்களைச் சந்தேகப்பட்டு, சங்கிலியைத் தானே இழுத்தார். மூன்றாம் நாள் தன்னையே சந்தேகப்பட்டு, மதியம் சாப்பிடாமல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கணக்கை முதலிலிருந்து போட்டார். பக்கத்தில் ஒரு எருமை அசைபோட்டபடி பார்த்துக்கொண்டிருந்தது. கணக்கு மறுபடியும் அதே இடத்தில்தான் வந்து நின்றது. கணக்கு சொன்ன திசையில் எழுந்து நடந்தார். சாலையைக் கடந்து, சோளக்காட்டைச் சுற்றி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு அடி. அங்கே வட்டக் கிணறு இருந்தது. வடமேற்கில் இரட்டைப் பாறை இருந்தது. எல்லைக்கல்லில் பாசியைச் சுரண்டிப் பார்த்தால் 211 என்று வெட்டியிருந்தது. எல்லாம் சரியாக இருந்தன. கல்லூரி மட்டும் இல்லை. கல்லூரி இருக்கவேண்டிய இடத்தில் அரசு கால்நடை மருத்துவமனை இருந்தது.

மாட்டு டாக்டர் யாதகிரி அப்போது ஒரு காளையின் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், சாந்தமான முகம். ஆக்னஸ் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “ஹவ் மேடம்” என்றார். ஆச்சரியப்பட்டதாகவே தெரியவில்லை. கையைக் கழுவிக்கொண்டு பீரோவிலிருந்து ஒரு கோப்பை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். அங்கே கரையான் வராது. மருந்து வாசனைக்கே ஓடிவிடும்.

கோப்பின் முதல் கடிதம் 1964 செப்டம்பரில் கால்நடைத் துறை எழுதியது. ‘எங்கள் மேய்ச்சல் நிலத்தில் ஒரு கல்லூரி கட்டப்பட்டு வருவதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தயவுசெய்து அதை அப்புறப்படுத்தவும்.’ அதற்கு அடுத்தது, கட்டடம் கட்டிய எஞ்சினீயரின் பதில். அடிக்கல் விழாவன்று மழை. கல்லையும் அமைச்சரையும் ஏற்றிவந்த கார் மூன்று பர்லாங் முன்னாலேயே சேற்றில் சிக்கிவிட்டது. நல்ல நேரம் முடிய நான்கு நிமிஷம் பாக்கி. அமைச்சர் காரிலிருந்து இறங்கிய இடத்திலேயே கல்லை நாட்டிவிட்டார். அடிக்கல் நாட்டிய பிறகு கட்டடத்தை வேறிடத்தில் கட்டுவது அமைச்சருக்கு மரியாதையாக இருக்காது என்பதால் கல்லைச் சுற்றியே கட்டவேண்டியதாயிற்று. கால்நடைத் துறை ஏழு வருஷம் கடிதம் எழுதிச் சலித்துவிட்டு, காலியாகக் கிடந்த கல்லூரி நிலத்தில் தன் ஆஸ்பத்திரியைக் கட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஆள் மாறி, எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

“அப்போ எருமைங்க?” என்று கேட்டார் ஆக்னஸ்.

“பாவம், அதுங்க மறக்கல மேடம்” என்றார் யாதகிரி.

ஆக்னஸ் கோப்பை மூடினார். இருபத்தொரு ஜூலை மாதங்கள் கல்லைத் தூசி தட்டிச் சொன்ன ‘ஆராய்ந்து, தேர்ந்து’ அவர் காதில் திரும்பத் திரும்ப வந்தது. கொஞ்ச நேரம் அழுகை வரும்போல இருந்தது. பிறகு, நான்கு நிமிஷ நல்ல நேரத்துக்காகச் சேற்றில் வேட்டியைத் தூக்கிப் பிடித்து நின்ற அமைச்சரை நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே காளையின் உயரத்தை அளந்துவிட்டுத் திரும்பினார்.

பிரின்சிபாலுக்குச் சிரிப்பு வரவில்லை. வெல்வெட் உறை போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“அம்மா, இதெல்லாம் யாருக்கும் தெரியவேணாம். 211-னு எழுதி நம்ம காலேஜைப் போட்டுடு.”

“211-ல மாட்டாஸ்பத்திரி இருக்கு சார்.”

“அதை அழிச்சுடு.”

“ஆஸ்பத்திரியையா சார்?”

“பேப்பர்லம்மா! பேப்பர்ல!” தெலுங்குக்கு மாறி ராமனை மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத் தமிழுக்குத் திரும்பினார். “கமிட்டி வந்து நிலம் உங்களதில்லன்னு சொன்னா கோர்ஸ் போச்சு. கோர்ஸ் போனா காலேஜ் போச்சு. நான் ஸ்ரீகாகுளம், நீயும் ஸ்ரீகாகுளம். அங்க வந்தும் நீ என் எதிர்லயே அளந்துட்டு நிப்ப.”

அன்று வீட்டில் ஆக்னஸ் இதைச் சொன்னபோது தேவசகாயம் சட்னியை வழித்தபடியே, “ஒரு கையெழுத்துதானே, போடேன். காய்கூ, எதுக்கு இந்த வம்பெல்லாம்?” என்றார். சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்தது. ஆக்னஸ் அவரை உச்சந்தலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தார். தேவசகாயம் கையைக் கழுவிக்கொண்டு சைக்கிளைத் தேடினார்.

ஆனால் கணவரிடம் முறைத்த அளவுக்கு உள்ளே தைரியம் இல்லை. ஸ்ரீகாகுளம் பயம் நிஜமாகவே இருந்தது. அறுபது இடம் கிடைத்தால் எர்ரசெருவுப் பெண்பிள்ளைகள் பஸ் ஏறாமல் கம்ப்யூட்டர் படிக்கலாம் என்பதும் நிஜம். ட்ராயிங் தாளை விரித்து, பென்சிலைச் சீவி, 211 என்ற கட்டத்துக்குள் ‘இ’ வடிவத்தை மெல்லிசாக வரைந்தும் பார்த்தார். கை வரைந்தது. கண் ஒத்துக்கொள்ளவில்லை. தட்டின் நடுவில் பல்லி விழுந்ததுபோல இருந்தது அந்த ‘இ’. ரப்பரை எடுத்து அழித்தார். 211-க்குள் ‘கால்நடை மருத்துவமனை’ என்று எழுதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு அடி கிழக்கே, கால்நடைத் துறையின் 224-க்குள் கல்லூரியை வரைந்து, கீழே முழுப்பெயரும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிரின்சிபால் அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்தார். கையெழுத்துப் போடத் தகுதியுள்ள சர்வேயர் கல்லூரியில் இவர் ஒருவர்தான். கடைசித் தேதிக்கு ஒருநாள்தான் மிச்சம். “போகட்டும். முப்பது வருஷ சர்வீஸ்ல ப்ளானை விரிச்சுப் பார்த்த கமிட்டியை நான் பார்த்ததில்ல” என்று தன்னையே தேற்றிக்கொண்டு அதை விண்ணப்பத்தின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழே செருகினார்.

கமிட்டி டிசம்பரில் வந்தது. காலை பத்து மணிக்கு வருவதாகத் தகவல். ஒன்பதரைக்கே கல்லூரி வாசலில் வாழைமரம், நாதஸ்வரக் கேசட், இரண்டு வரிசையாக மாணவர்கள். பிரின்சிபால் கையில் மூன்று ரோஜா மாலை. பத்தாயிற்று. பத்தரை. கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். பத்தே முக்காலுக்கு ஒரு லூனா மொபெட் தடதடவென்று வந்து நின்றது. மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர்.

“சார், உங்க ஆளுங்க மூணு பேர் எங்ககிட்ட உட்கார்ந்திருக்காங்க. காலேஜ் எங்கேன்னு கேக்கறாங்க.”

நடந்தது இதுதான். கமிட்டியின் தலைவர் பேராசிரியர் ராகவேந்திரா முப்பத்தெட்டு வருஷம் சர்வே பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். விண்ணப்பத்தில் அவர் முதலில் எடுத்துப் பார்த்தது அடியில் இருந்த வரைபடத்தைத்தான். விண்ணப்பம் கல்லூரி நிலம் 211 என்றது, வரைபடமோ 211-க்குள் மாட்டாஸ்பத்திரியைக் காட்டியது. எது நிஜம் என்று பார்க்க வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, வழியில் இருந்த பெயர்ப்பலகைகளையெல்லாம் பார்க்காதே என்று டிரைவரிடம் சொல்லி, நேரே 211-க்குப் போய் இறங்கிவிட்டார்.

பிரின்சிபால் லூனாவின் பின்னால் ஏறினார். கையில் பிடித்தால் பூ உதிரும் என்று மூன்று மாலைகளையும் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டார். ஆக்னஸ் பின்னால் ஓட்டமும் நடையுமாக, அப்போதும் காலடிகளை எண்ணிக்கொண்டே போனார். அன்று ஆஸ்பத்திரியில் கோமாரி ஊசி முகாம். நூறு மாடுகளுக்கும் அவற்றை ஓட்டிவந்தவர்களுக்கும் நடுவே லூனா போய் நின்றபோது, மாலையும் கழுத்துமாக இறங்கிய ஆளைப் பார்த்து, முகாமைத் திறந்துவைக்க வந்த பெரிய மனிதர் என்று நினைத்து எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். பிரின்சிபால் பழக்கதோஷத்தில் கும்பிட்டார்.

கிணற்று மேடையில் ராகவேந்திரா உட்கார்ந்திருந்தார். கையில் வரைபடம், பக்கத்தில் யாதகிரி கொடுத்த டீ.

“இதுதான் உங்கள் கல்லூரி நிலமா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“ஆமாம் சார்.”

“இது ஆஸ்பத்திரி.”

“ஆமாம் சார்.”

“கல்லூரி எங்கே?”

“ஆஸ்பத்திரி நிலத்துல சார்.”

ராகவேந்திரா டீயைக் கீழே வைத்தார். “இந்த வரைபடத்தை யார் போட்டது?”

பிரின்சிபால் திருடனைக் காட்டிக்கொடுப்பதுபோல ஆக்னஸைக் காட்டினார். ஆக்னஸுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஸ்ரீகாகுளத்தில் ரயில்வே காலனி இருக்குமா, சர்ச் இருக்குமா என்றெல்லாம் நினைப்பு ஓடியது.

“உங்கள் சர்வேயில் கடைசியில் விழுந்த பிழை எவ்வளவு?” என்று கேட்டார் ராகவேந்திரா.

இந்தக் கேள்விக்கு மட்டும் ஆக்னஸின் நாக்கு தானாகப் பிரிந்தது. “மூவாயிரத்து இருநூறு அடிக்கு ஒரு அடி, சார். மூணு தடவ பார்த்தேன்.”

“டேப் இருக்கிறதா?”

இருக்கிறதாவா? கைப்பை திறப்பதற்குள் டேப் வெளியே வந்துவிட்டது. மூன்று மீட்டர் போதாதே என்று கம்பவுண்டர் மாடுகட்டும் கயிறு ஒன்றைக் கொண்டுவந்தார். கயிற்றின் ஒரு நுனியைப் பேராசிரியரும் மறுநுனியை ஆக்னஸும் பிடித்தார்கள். ஊசிக்கு நின்ற மாடுகளை இரண்டு பக்கமும் ஒதுக்கிவிட்டார்கள். கிணற்றிலிருந்து எல்லைக்கல் வரைக்கும் அளந்து, கயிற்றைத் தரையில் நீட்டி டேப்பால் கணக்கெடுத்தார்கள். வரைபடத்தில் போட்டிருந்ததற்கும் இதற்கும் வித்தியாசம் அரை அங்குலம். “அது கயிறு இழுபட்டதால வந்தது சார்” என்றார் ஆக்னஸ். ராகவேந்திரா தலையசைத்து ஒத்துக்கொண்டார்.

“இருபது வருஷமாக நான் கல்லூரிகளைப் பார்த்துவருகிறேன்” என்றார் அவர், முழங்கால் மண்ணைத் தட்டியபடி. “எல்லோரும் ஒரு செவ்வகம் போட்டு, உள்ளே நாலு மரம் போடுகிறார்கள்.” பிரின்சிபால் மாலையைச் சரிசெய்துகொண்டார். “ஒரு வரைபடத்தை மட்டும் நம்பி நான் வந்துசேர்ந்தது இதுதான் முதல் தடவை. எனக்கு வழி தப்பவில்லை. கல்லூரிக்குத்தான் தப்பியிருக்கிறது.”

ஆனால் விதி என்று ஒன்று இருந்தது. நிலம் கல்லூரியின் பெயரில் இருக்கவேண்டும், அல்லது நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும். எல்லோரும் யாதகிரியைப் பார்த்தார்கள். அவர் ஒரு கன்றுக்கு ஊசி போட்டு முடித்து, நிதானமாக வந்து, ஆஸ்பத்திரியின் தாளில் எழுதினார். ‘எங்கள் நிலத்தில் முப்பத்தைந்து வருஷமாக இருந்துவரும் கல்லூரி இன்னும் எத்தனை வருஷம் இருந்தாலும் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. ஒரே நிபந்தனை: மெக்கானிக்கல் தாழ்வாரம் வழியாக எருமைகள் போய்வருவதைத் தடுக்கக்கூடாது.’

பிரின்சிபால் அதை இரண்டு தடவை படித்தார். “கேட் போடக்கூடாதா?” என்று பலவீனமாகக் கேட்டார்.

“நக்கோ சார், வேணாம்” என்றார் யாதகிரி.

பிரின்சிபால் கையெழுத்துப் போட்டார். மாலைகளில் ஒன்றைக் கழற்றி ராகவேந்திராவுக்குப் போட்டார். மற்ற இரண்டையும் கமிட்டியின் மற்ற இரண்டு பேருக்கும் போட்டார். எல்லோருமாக நடந்தே கல்லூரிக்குத் திரும்பினார்கள், ஊசி முகாமால் அன்று ஒரு மணி நேரம் தாமதமாகக் கிளம்பிய எருமைகளோடு சேர்ந்து. கல்லூரி வாசலில் தயாராக நின்ற மாணவர்கள் முதலில் வந்த எருமைக்கே நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்கள்.

மார்ச்சில் உத்தரவு வந்தது. அறுபது கேட்டதற்கு நாற்பது இடம். குறிப்பில் ஒரு வரி: ‘கல்லூரியின் சர்வே மிகச் சிறப்பு. கல்லூரி இருக்கும் இடம் குறித்து அரசு பின்னர் முடிவெடுக்கலாம்.’ அரசு இன்னும் முடிவெடுக்கவில்லை. ஆக்னஸ் அந்த வருஷத்துக் கையேட்டில் வரலாற்றைத் திருத்தி எழுதினார். கார், சேறு, நான்கு நிமிஷம் எல்லாவற்றையும் போட்டார். ‘மூன்று பர்லாங்’ என்று யாதகிரி கோப்பில் இருந்ததை மட்டும் ‘1976 அடி’ என்று மாற்றினார். ஜூலையில் அதைப் படித்துக்காட்டியபோது புதுசாகச் சேர்ந்த நாற்பது பேரும் சிரித்தார்கள். முன்பெல்லாம் வரலாற்றுக்கு யாரும் காதுகொடுத்ததே இல்லை.

முதல் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்கிய அன்று குரூப் போட்டோ எடுத்தார்கள். கட்டடத்தின் படிக்கட்டில் மாணவர்கள், முன்வரிசையில் ஆசிரியர்களுக்கு ஏழு நாற்காலிகள். பிரின்சிபால் புது சஃபாரி சூட்டில் நடு நாற்காலியில் உட்கார்ந்து, தலையைச் சீவிக்கொண்டார். அழைப்பின்பேரில் வந்திருந்த யாதகிரி பூட்ஸில் சாணம் ஒட்டியிருந்த கூச்சத்தில் ஓரத்துத் தூணை ஒட்டி நின்றார். போட்டோக்காரர் கறுப்புத் துணியைத் தூக்கி, “ரெடியா?” என்று கேட்டபோது ஆக்னஸ் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். நேரே தூணுக்குப் போய் யாதகிரியின் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் நக்கோ, நக்கோ என்று சொல்லச் சொல்ல, அத்தனை பேர் முன்னாலும் முன்வரிசைக்கு இழுத்துவந்தார்.

“கொஞ்சம் தள்ளுங்க சார், நெலத்துக்காரர் உட்காரணும்” என்று பிரின்சிபாலை எழுப்பிவிட்டு, தன் முந்தானையால் நடு நாற்காலியைத் துடைத்து, டாக்டரின் இரண்டு தோளையும் அழுத்தி உட்காரவைத்தார்.